மேட்டில் எரிந்த சிவப்பு விளக்கு

"உங்க வீட்டு ஆளுக்கு எதைக் குடுப்பீங்களோ, அதையே எனக்கும் குடுங்க."

"எங்க வீட்ல யார்கிட்டயும் வண்டி கிடையாது."

"அப்ப, இனிமே வரப்போற வீட்டு ஆளுக்கு."

பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த எண்ணைப் படிப்பதுபோலக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தால் சிரித்துவிடுவேன். "பேட் நான் குடுத்துடலாம். மிதிக்கிறது உங்க கால்தானே? அதுக்கு நான் கேரண்டி குடுக்க முடியாது" என்றேன்.

"என் காலுக்கு நான் கேரண்டி" என்று சொல்லி, கவுண்டரில் நான் வைத்த பிரேக் பேட் பெட்டியைக் கல்யாணப் பத்திரிகை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

எங்கள் கதை அப்படித்தான் ஆரம்பித்தது. மகள் தன் சிநேகிதிகளிடம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஊரில் எல்லாரும் பூ கொடுத்தார்கள், எங்கம்மா பிரேக் பேட் கொடுத்தாள் என்பாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தவள்தான். இப்போது அவள் அந்தப் பேச்சை எடுத்தாலே நான் வேறு பேச்சுக்கு மாறிவிடுகிறேன்.

நான் இன்னும் அதே கவுண்டரில்தான் உட்கார்ந்திருக்கிறேன். முன்னால் உதிரிபாகக் கடை, பின்னால் பட்டறை. பிரேக் வேலை மட்டும்தான் செய்வோம். இவர் ஆஸ்பத்திரி வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். மலைமேல் காலனியில் இருக்கும் சிறுநீரக நோயாளிகளைக் காலையில் கீழே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்து, ரத்தம் சுத்தம் செய்து முடிந்ததும் திரும்ப மேலே கொண்டுபோய் விட வேண்டும். எங்கள் வீடும் மேலேதான். வேனில் முதல் ஆளாக ஏறி முன் வரிசையில் உட்காரும் டீச்சரம்மா, ரிட்டயர் ஆகியும் எல்லாருக்கும் மார்க் போடுகிறவர். "தம்பி ஓட்டினா தொட்டில் ஆட்டற மாதிரி" என்று இவருக்கு எப்போதும் முழு மார்க் போட்டுவந்தார். அந்த டீச்சரம்மாவே ஒருநாள் இறங்கும்போது, "என்ன தம்பி, தொட்டில் போய் இப்ப மாவு சலிக்கற சல்லடை ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

அன்று சாயங்காலம் இவர் கவுண்டரில் வந்து சாய்ந்துகொண்டு, பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் கையில் குதிக்கிறது என்றார்.

இந்த வியாதிக்கு முதல் கேள்வி, அதிர்வு எங்கே தெரிகிறது என்பதுதான். கையில் தெரிந்தால் முன் சக்கரம். உட்காருமிடத்தில் தெரிந்தால் பின் சக்கரம். பிரேக் மிதிக்காதபோதும் அதிர்ந்தால் பிரேக் பாவம், அதன்மேல் பழி போடக்கூடாது, டயரைப் பார்க்க வேண்டும். சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டைத்தான் டிஸ்க் என்கிறோம். பேட் இரண்டு பக்கமும் அதைக் கவ்விப் பிடிப்பதால்தான் வண்டி நிற்கிறது. தட்டில் ஓரிடம் தலைமுடி அளவு தடித்துப் போனாலும் போதும், கவ்வும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு உதை கொடுக்கும். அந்த உதை வரிசையாக வந்தால் அதிர்வு.

பட்டறையைப் பார்த்துக்கொள்பவர் டயல் அண்ணன். டிஸ்க் கோணியிருக்கிறதா என்று பார்க்கும் டயல் கேஜைச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பதால் அந்தப் பெயர். என்னைத் தங்கச்சி என்பார், அந்த உரிமையில் இவரை மாப்ளே என்பார். அவர் முன் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்துவிட்டு, டிஸ்க் இரண்டும் போய்விட்டது, கடைசல் பிடித்துச் சீவி மட்டமாக்கவும் கனம் இல்லை, புதிது போடு என்றார். நான் நல்ல டிஸ்க்காக ஒரு ஜோடியும், வண்டி செய்தவர்கள் முதலில் போட்டனுப்பிய அதே தரத்தில் பேட்டும் எடுத்துக் கொடுத்தேன். அண்ணன் புது டிஸ்க்கின் எண்ணெய்ப் பூச்சைக் கழுவி, சக்கரம் உட்காரும் ஹப்பில் ஒரு பொட்டுத் துரு இல்லாமல் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மாட்டி, டயல் வைத்துப் பார்த்து, நட்டுகளை எதிரெதிராக ஒரே அழுத்தத்தில் இறுக்கினார். ஒருபக்கத் துரு போதும், புது டிஸ்க்கும் கோணலாகத்தான் சுற்றும். அவர் வேலையில் அந்தக் குறை வராது.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பொருளை யார் தேர்ந்தெடுத்தார்களோ, அவர்கள் முதல் ஓட்டத்தில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போக வேண்டும். அண்ணன் போட்ட சட்டம். "எடுத்துக் குடுத்த கை கூடவே போகணும். அப்பதான் எடுக்கும்போது யோசிக்கும்" என்பார். நானும் உட்கார்ந்து போனேன். வண்டி மறுபடி தொட்டிலாகியிருந்தது.

கொஞ்ச நாளில் அதிர்வு திரும்ப வந்துவிட்டது.

அப்போது நான் யோசித்தது முழுக்கப் பேட்டைப் பற்றித்தான். ஆட்களை ஏற்றிக்கொண்டு தினமும் சரிவில் இறங்கும் வண்டி, சூடு தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, உலோகத்தூள் அதிகம் கலந்த கெட்டிப் பேட்டை எடுத்துக் கொடுத்தேன். அது எவ்வளவு சூடானாலும் பிடியை விடாது. காலையில் குளிரில் கீச்சிடும், டிஸ்க்கைக் கொஞ்சம் தின்னும், பரவாயில்லை என்றேன். கீச்சுச் சத்தம் கேட்டு டீச்சரம்மா, "கோழிக்குஞ்சு வளக்கறீங்களா தம்பி?" என்றாராம். இவர் அதை வீட்டில் வந்து நடித்துக் காட்டினார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கெட்டிப் பேட் எனக்கு என்ன கெடுதல் செய்துகொண்டிருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

மூன்றாம் முறை அதிர்வு வந்தபோது அண்ணன் என்னைப் பட்டறைக்குள் கூப்பிட்டார். வழக்கமாகக் கவுண்டரைப் பார்த்துக் கத்துவார். அன்று வந்து நின்று, கையைத் துடைத்துக்கொண்டு, "கொஞ்சம் வா தங்கச்சி" என்றார். அந்தக் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

கழற்றிய டிஸ்க்குகள் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இரண்டின் மேலும் மயில் கழுத்தில் தெரிகிற மாதிரி ஒரு நீலம் ஓடியிருந்தது. இரும்பு அளவுக்கு மீறிக் காய்ந்தால் வருகிற நீலம். பேட்டின் முகம் கண்ணாடிபோல மினுங்கியது.

"காலிப்பர் இறுகியிருக்கும்" என்றேன். பேட்டை அழுத்துகிற அந்தக் கவ்வி சில சமயம் விடாமல் பிடித்துக்கொள்ளும்.

"ஒரு பக்கம் நீலம்னா காலிப்பர். இது ரெண்டு பக்கமும் அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கு. காலிப்பர் நகர்ற பின் கம்பியெல்லாம் வெண்ணெய் மாதிரி நகருது. பெடலுக்கு இருக்க வேண்டிய ஆட்டமும் இருக்கு."

"அப்ப?"

அண்ணன் டயல் கேஜை எடுத்துத் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. "எவனோ பிரேக்ல காலை வெச்சுக்கிட்டே ஓட்டறான்" என்றார்.

எவனோ என்ற சொல்லை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இவர் லீவில் போகும்போது வேறு யாராவது ஓட்டியிருப்பார்கள் என்றேன். இவர் லீவே எடுக்கவில்லை என்பது எனக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். பிரேக்கில் கால் வைத்தபடி ஓட்டுகிறவர்களைக் கண்டால் இவருக்கு ஆகாது. முன்னால் போகிற வண்டியில் சிவப்பு விளக்கு சும்மா சும்மா எரிந்தால், "கால் வலிக்குதுன்னா ஸ்டூல் போட்டுக்க வேண்டியதுதானே" என்று திட்டுகிறவர். பட்டறைக்குச் சந்தேகமான வண்டி ஏதாவது வந்தால் அண்ணன் டயலை எடுப்பதற்கு முன்னால் இவரைத்தான் ஓட்டச் சொல்வார். இவர் ஒரு சுற்று போய்வந்து, முன்னால் இடது என்றோ, பின்னால் வலது என்றோ பாதத்தாலேயே படித்துச் சொல்லிவிடுவார். டயல் பிறகு அதை ஒத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட கால். அதனால்தான் எங்களில் ஒருவருக்கும் அந்தப் பக்கம் புத்தி போகவில்லை. பேட்டைச் சந்தேகப்பட்டோம், இரும்பைச் சந்தேகப்பட்டோம்.

"மாப்ளைகிட்ட ஒரு வார்த்தை கேளு" என்றார் அண்ணன். நான் கோபித்துக்கொண்டு கவுண்டருக்கு வந்துவிட்டேன். கோபம் என்றுதான் அப்போது நினைத்தேன். உட்கார்ந்த பிறகு, வந்த ஆளுக்கு இரண்டு முறை தவறான பெட்டியை எடுத்து நீட்டினேன்.

அண்ணன் அன்றைக்கு டிஸ்க்குகளை மெல்லக் கடைசல் பிடித்து மாட்டி அனுப்பினார். இது தாங்காது, சீக்கிரம் புதிது வரவழை என்று சொல்லித்தான் அனுப்பினார்.

புது டிஸ்க் வருவதற்குள் சாலையில் அதைப் பார்த்துவிட்டேன்.

வானம் மூட்டமாக இருந்த ஒரு சாயங்காலம், கடையிலிருந்து கொஞ்சம் முன்னதாகவே கிளம்பி ஸ்கூட்டரில் மலைமேல் ஏறிக்கொண்டிருந்தேன். முதல் வளைவு தாண்டியதும் முன்னால் எங்கள் வேன் போவது தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது. ஆளைப் பிடித்துவிடலாம், ஹாரன் அடித்துக் கலாட்டா பண்ணலாம் என்று முறுக்கினேன். அப்போதுதான் கவனித்தேன். வேனின் பின்னால் பிரேக் விளக்கு இரண்டும் எரிந்துகொண்டிருந்தன.

முன்னால் மாடு ஏதாவது வந்திருக்கும் என்று நினைத்தேன். விளக்கு அணையவில்லை. வேன் ஏறிக்கொண்டே இருந்தது, விளக்கும் எரிந்துகொண்டே இருந்தது. மேட்டில் ஏறுகிற வண்டிக்கு எதற்குப் பிரேக்? என்ஜின் முக்கி முனகி ஏறியது. வளைவில் மரங்களுக்குப் பின்னால் மறைந்தது, அந்தப் பக்கம் வெளியே வந்தது, அப்போதும் சிவப்பாகவே இருந்தது. ஒரு வளைவில் மட்டும் சட்டென்று அணைந்து, நான் மூச்சு விடுவதற்குள் திரும்ப எரிந்தது. முன் வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்த டீச்சரம்மா, பின் கண்ணாடி வழியாக என்னை அடையாளம் கண்டுகொண்டு கையசைத்தார். சிரித்துக்கொண்டே அசைத்தார். நானும் ஒரு கையைத் தூக்கி அசைத்தேன். அந்தக் கை என்னுடையது மாதிரியே இல்லை.

காலையில் இதே சாலையில் இவர்களை வைத்துக்கொண்டுதான் இவர் கீழே இறங்குகிறார். மேட்டிலேயே கால் அங்கே இருந்தால் சரிவில் எங்கே இருக்கும்? நான் கொடுத்த கெட்டிப் பேட், காய்ந்து நீலம் பாரித்த பிறகும் பிடியை விடாமல் உயிரைக் கொடுத்து நிறுத்தியிருக்கிறது. நிறுத்தி நிறுத்தி, என் கண்ணிலிருந்து மறைத்திருக்கிறது.

வீட்டுக்குப் போனதும், வாசலில் நிறுத்தியிருந்த வேனின் பின்னால் போய் நின்றேன். விளக்கு அணைந்திருந்தது. பிரேக் விளக்கு சுவிட்ச் கெட்டிருக்கும், அவ்வளவுதான், எத்தனை வண்டியில் பார்த்திருக்கிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தச் சின்ன சுவிட்ச்சை ஒரு பிள்ளையைக் கட்டிக்கொள்வதுபோல மனதில் கட்டிக்கொண்டேன்.

இவர் டிவி முன்னால் நாற்காலியில் சாய்ந்து, காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அகலமான புது ஷூ வாசலில் கிடந்தது. கால் வீங்குகிற மாதிரி இருக்கிறது என்று அவராகவே வாங்கிக்கொண்டது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், வீங்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். போன மாதம் ஷூவுக்குள் ஒரு ஜல்லிக்கல் கிடந்து உள்ளங்காலைப் புண்ணாக்கி, சாக்ஸில் ரத்தத்தை நான் பார்த்துச் சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. "தோல் கெட்டிப் போச்சு, காண்டாமிருகம் ஆயிட்டேன்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

சீப்பைக் கையில் வைத்துத் தலை வாரிக்கொண்டே அவர் காலடிப் பக்கம் போய் உட்கார்ந்தேன். இவருக்கு உள்ளங்காலில் கூச்சம் ஜாஸ்தி. கல்யாணமான புதிதில் என் கால்விரல் தெரியாமல் பட்டாலே கட்டிலைவிட்டுத் துள்ளி எழுந்திருப்பார். அதை வைத்தே எத்தனை சண்டையைச் சமாதானம் ஆக்கியிருக்கிறேன். சீப்பின் காம்பு முனையால் உள்ளங்காலின் நடுவில் மெல்ல ஒரு கோடு இழுத்தேன்.

இவர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு கோடு இழுத்தேன், அழுத்தி. தோலில் வெள்ளையாகத் தடம் விழுந்தது. "மழை வருமாம்" என்றார் என் பக்கம் திரும்பாமல்.

எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சாவியைக் கொடுங்கள். அதைத்தான் கேட்க வேண்டும், இன்றே கேட்க வேண்டும். ஆனால் சமையலறையைவிட்டு நகரவில்லை. இவருக்கு முன்னால் அந்த வேனை ஓட்டியவருக்குக் கண் மங்கிப்போய், ஆபீசில் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அவர் கேட்டைத் தாண்டிப் போனதை இவர் அன்றைக்கு வந்து சொன்னார். "நடக்கவே தெரியாதவன் மாதிரி நடந்து போனாரு" என்றார். வெகுநேரம் கழித்து, "என்கிட்ட சாவி கேக்கற ஆளு இனிமேதான் பொறந்து வரணும்" என்றார். சிரிக்காமல் சொன்ன பேச்சு அது. நான் போய்க் கேட்டால், வேறு யார் கேட்பதையும்விட அது மோசமாக இருக்கும் என்று பயந்தேன். கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடப் பயந்தேன். இரண்டு பயத்துக்கும் நடுவில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

கோழைகள் செய்வதைத்தான் செய்தேன். ஆஸ்பத்திரி ஆபீசுக்குப் போன் செய்து, வேனுக்குப் பிரேக் வேலை இருக்கிறது, நாளைக்கு நோயாளிகளுக்கு வேறு வண்டி அனுப்புங்கள் என்றேன். இவரிடம் புது டிஸ்க் வந்துவிட்டது என்றேன். காலையில் இவர் காலி வேனை இறக்க, பின்னாலேயே ஸ்கூட்டரில் போனேன். கடை வாசல் வரைக்கும் அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு போனேன்.

இவர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து அண்ணனிடம் சுவிட்ச்சைப் பார்க்கச் சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை. அவர் ஸ்டீயரிங்குக்குக் கீழே மல்லாந்து படுத்துக் கையால் பெடலை அழுத்தினார். பின்னால் நின்ற எனக்கு விளக்கு எரிந்தது தெரிந்தது. விட்டார், அணைந்தது. மறுபடி, மறுபடி. ஒவ்வொரு முறையும் சொன்ன பேச்சுத் தவறாமல் அணைந்தது.

"சுவிட்ச் நல்லாத்தான் இருக்கு தங்கச்சி" என்றார், படுத்தபடியே. "அது பொய் சொல்லல."

நான் கவுண்டருக்குப் போய், கடையில் இருந்த மூன்று தரத்துப் பேட்டிலும் ஒவ்வொரு பெட்டி எடுத்து வைத்தேன். கெட்டிப் பேட் பெட்டியின் மேலேயே என் கை போய் நின்றது. அது இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் காப்பாற்றும். இன்னும் கொஞ்ச நாள் நான் பேசாமல் இருக்கலாம். அதை எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தேன். முதலில் கொடுத்த சாதாரண தரத்தையே எடுத்தேன். சூடு மீறினால் மறைக்காமல் சொல்லிவிடும் பேட். இத்தனை வருஷத்தில் பெட்டியின் எண்ணை இரண்டு முறை படித்துப் பார்த்துக் கொடுத்தது அன்றைக்குத்தான்.

மாட்டி முடித்ததும் முதல் ஓட்டத்துக்கு நானே ஓட்டுகிறேன் மாப்ளே என்று அண்ணன் சாவிக்குக் கை நீட்டினார். இவர் அதை விரலில் சுழற்றிக்கொண்டு, "உங்க டயல ஓட்டச் சொல்லுங்க" என்று சிரித்துவிட்டு ஏறிக்கொண்டார். சரி, சமதரையிலேயே முடித்துக்கொண்டு வந்துவிடு, மேட்டுப் பக்கம் போகாதே என்றார் அண்ணன். நான் பக்கத்து சீட்டில் ஏறினேன். அண்ணன் என் பக்கக் கதவைச் சாத்தி, ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு விலகினார்.

புதுப் பேட்டையும் டிஸ்க்கையும் ஒன்றுக்கொன்று பழக்க வேண்டும். வேகமெடுத்து, அழுத்தி மெதுவாக்கி, வண்டி நின்றுவிடாமல் காலை எடுத்து, காற்றில் ஆறவிட்டு, திரும்ப. காலை எடுக்கிற இடம்தான் முக்கியம். சமதரைச் சாலையில் இவர் அதை அழகாகத்தான் செய்தார். எனக்கு ஒரு நிமிஷம் உயிர் வந்தது. பிறகு கவனித்தேன். ஒவ்வொரு முறை காலை மாற்றும்போதும் இவர் கீழே குனிந்து பார்த்தார். கண் ஒரு கணம் சாலையைவிட்டு இறங்கி, பாதம் எந்தப் பெடலில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, திரும்ப ஏறியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எழுத்தைப் பார்ப்பதுபோலத் தன் காலையே பார்த்தார்.

இவருக்குத் தெரியும். எனக்குத் தெரிவதற்கு முன்பிருந்தே தெரியும்.

"போதும், திரும்பிடலாம்" என்றேன்.

"சரிவுல பாக்காம என்ன டெஸ்ட்? நாளைக்கு ஆளுங்க ஏறணுமில்ல" என்று மலைச்சாலையில் திருப்பிவிட்டார்.

வளைவுகள் ஆரம்பித்தன. வளைவில் குனிந்து பார்க்க முடியாது. ஏறும்போது அந்த அகல ஷூ ஆக்ஸிலேட்டரை மிதித்தபடியே, அதன் இடது விளிம்பு பிரேக் பெடலின் மேல் ஏறி உட்கார்ந்திருந்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாய் திறந்தால் அழுதுவிடுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். மேலே வண்டி திருப்புமிடத்தில் திருப்பி, இறங்க ஆரம்பித்தார்.

முதலில் வாடைதான் வந்தது. காய்ந்த இரும்பும் கருகிய பசையும் கலந்த வாடை. பிறகு ஸ்டீயரிங் அவர் கையில் லேசாக நடுங்கியது. நடுக்கம் என் சீட்டுக்கும் வந்தது.

"காலை எடுங்க" என்றேன்.

"எடுத்துட்டேன்."

எடுக்கவில்லை. பாதம் முழுசாகப் பெடலின்மேல் இருந்தது.

"என்னங்க, பிரேக்லேருந்து காலை எடுங்க."

"எடுத்துட்டேன்மா, வண்டி தானா இறங்குது" என்றார். குரலில் எரிச்சல்கூட இல்லை, அத்தனை நிச்சயம். அடுத்த வளைவு வந்தது. அதற்கு நிஜமாகவே அழுத்தினார். பெடல் கல் மாதிரி நின்றது, வண்டி நிற்கவில்லை. பேட் சூட்டில் வழுக்கிவிட்டது. வளைவுக்கு அந்தப் பக்கம் தெரிந்ததெல்லாம் மரங்களின் உச்சி மட்டும்தான்.

வாழ்நாளெல்லாம் வண்டி ஓட்டிய கை அவரைக் கைவிடவில்லை. கியரை ஒன்று ஒன்றாகக் கீழே தள்ளினார். என்ஜின் ஊளையிட்டது. ஹேண்ட் பிரேக்கை என் கையில் பிடித்துக் கொடுத்து, "மெதுவா இழு, மெதுவா" என்றார். நான் இழுத்தேன். வளைவை எப்படித் தாண்டினோம் என்று எனக்குத் தெரியாது, கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். ரிப்பேருக்காகச் சாலையோரம் கொட்டியிருந்த ஜல்லிக் குவியலில் வண்டியின் மூக்கைக் கொண்டுபோய்ச் செருகினார். ஜல்லி சரசரவென்று அடியில் போயிற்று. நின்றோம்.

முன் சக்கரத்திலிருந்து புகை எழும்பி என் பக்கக் கண்ணாடியைத் தாண்டிப் போனது. என் கை ஹேண்ட் பிரேக்கிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது, விரலைப் பிரிக்க முடியவில்லை. டீச்சரம்மாவின் சீட் எனக்குப் பின்னாலேயே காலியாக இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இவர் சாலையையே பார்த்துக்கொண்டு, ரொம்ப மெதுவாகக் கேட்டார். "குனிஞ்சு பாத்துச் சொல்லேன். இப்ப என் கால் எங்க இருக்கு?"

"பிரேக்லதான்."

"எடுத்துட்ட மாதிரி இருக்கு எனக்கு."

என்ஜினை நிறுத்திச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார். காலையில் எழுந்தால் பஞ்சுமேல் நிற்பதுபோல இருக்கிறது என்றார். மழைக்காலத்துக்கு முன்னாலிருந்தே அப்படித்தான் என்றார். கண்ணால் பார்த்துச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தாராம், சமாளித்துக்கொண்டுதான் இருந்தாராம். வேன் நிறைய ஆட்களோடு இறங்கும் ஒவ்வொரு காலையிலும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளுமாம். "உன்கிட்ட சொன்னா, நீ என்ன கேப்பேன்னு தெரியும். அதான்" என்றார். சாவியை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

கால் இன்னும் பெடலிலேயே இருந்தது. காய்ந்த டிஸ்க்கில் பேட்டை அழுத்தி வைத்தால் அங்கேயே ஒட்டிப் பதிந்துவிடும், பிறகு அதுவே அதிர்வாகும். வருகிறவர்களுக்கெல்லாம் கவுண்டரில் இதைத்தான் சொல்லி அனுப்புவேன். ஹேண்ட் பிரேக் பிடித்திருக்கிறது, முன்னால் ஜல்லி இருக்கிறது, வண்டி எங்கும் போகாது என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன். பிறகு குனிந்து, இரண்டு கையாலும் அவர் பாதத்தைப் பிடித்துப் பெடலிலிருந்து தூக்கினேன். ஷூவைக் கழற்றினேன். பாதத்தை என் மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது. நான் தொடுவதை அவர் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

"உங்க வீட்டு ஆளா கேக்கறேன்" என்றேன். மடியில் இருந்த பாதத்தை விடாமல், மூடியிருந்த அந்தக் கைக்கு முன்னால் என் கையை நீட்டினேன்.

"சாவியைக் குடுங்க."